மனுவில் இன்னொரு கையெழுத்து

முழங்கால் அளவு பனியைக் கடந்து வந்த எழுபத்திரண்டு வயது எல்வுட், மனுத்தாளுடன் வெல்டாவின் கதவைத் தட்டினார். மனைவி மறைந்த பின்னர் அவரை உள்ளே அழைக்கும் வீடு இது ஒன்றே. அதுவும் இந்த மனுவின் பொருட்டே.

“மறுபடியுமா? ஆல்பனி சட்டசபையில இன்னும் அந்தச் சட்டத்தை நிறைவேத்தலையா?”

“எங்க, வெல்டா! நம்ம ஊர் ஆஸ்பத்திரியை மாத்திக் கட்ட நிதி ஒதுக்கணும்னா, இன்னும் கையெழுத்து வேணுமாம்.”

“நான்தான் ரெண்டு தடவை போட்டுட்டேனே! ரெண்டாவது, கல்யாணத்துக்கு முந்தின பேர்ல.”

“சட்டசபையில யாரு சரிபார்க்கப் போறா?”

“அப்ப இன்னைக்கு என் பூனை பேர்ல போடுறேன். உங்களைவிட அதுக்கு விவரம் ஜாஸ்தி. உக்காருங்க, கேக் ஆறிடும்.”

சூடான கேக் தட்டைச் செய்தித்தாள் ஒன்றின் மீது வைத்துவிட்டு, வெல்டா காபி எடுக்கச் சென்றார். எல்வுட் தட்டைத் தம் பக்கம் இழுத்தார். அடியில் தலைப்புச் செய்தி தெரிந்தது: ‘மருத்துவமனை நிதிச் சட்டம்: ஆளுநர் ஒப்புதல்.’

மூன்று வாரங்களுக்கு முந்தைய நாளிதழ். அன்றே அதைப் படித்துவிட்டு, தமது பிரதியை அவர் விறகடுப்பில் போட்டு எரித்திருந்தார்.

இனி இந்தக் கதவும் திறக்காது.

காபியுடன் திரும்பிய வெல்டா, எல்வுட்டின் பார்வை நிலைத்திருந்த இடத்தைக் கண்டார். தட்டை நகர்த்தி அத்தலைப்பை மறைத்தார்.

“ஆல்பனிக்காரங்க ரொம்ப மெதுவு, எல்வுட். நாளைக்கும் தாளோட வாங்க. என் புருஷன் பேரு பாக்கி இருக்கு. அவரு போய் ஆறு வருஷமாச்சு, வேணாம்னு சொல்ல மாட்டாரு.”