வீரய்யாவின் பொழுதுபோக்கு

“அவ பேர நீங்க சொல்லாம நான் இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன், மாமா.”

ஜனார்த்தனன் அந்தப் பழைய புகைப்படத்தை, தன் அப்பாவின் கூட்டாளியான கிழவர் கறுப்பையாவின் மடியில் வைத்தார். கலஹாவுக்கு பஸ்ஸில் வந்த வழியெல்லாம் வாய் திறக்காதவர், கதிரையில் அமர்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மகள் சஞ்சீவனி கைத்தொலைபேசியில் பேச்சைப் பதிவுசெய்யத் தொடங்கினாள். குடும்ப வரலாறு எழுதப் புறப்பட்டவள் அவள். தாத்தா வீரய்யாவின் பிறப்பு, தேயிலைத் தோட்டத்து வேலை, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு இடக்கைச் சுண்டுவிரல் நுனி போனது, இறப்பு என எல்லாம் எழுதியாயிற்று. ‘பொழுதுபோக்கு’ என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஒரு வரியும் இல்லை. அதைக் கேட்டபோதுதான் அப்பா அலுமாரியிலிருந்து இந்தப் படத்தை எடுத்து, “இவதான் அவரு பொழுதுபோக்கு. எழுதிக்க” என்று வீசினார்.

படத்தில், பட்டுச் சேலையும் நெற்றிச்சுட்டியுமாக ஒருத்தி. வலக்கையில் பூச்செண்டு, இடக்கை முந்தானைக்குள் மறைந்திருந்தது. ஒருமுறை பார்த்தவர் மறுமுறையும் பார்க்கும் அழகு.

வீரய்யா செத்த அன்று அவருடைய றங்குப்பெட்டியில் அகப்பட்டது அது. தன் சிறுவயதிலேயே அம்மா போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இவள்தான் என்று அக்கணமே முடிவு கட்டிய ஒரே மகன் ஜனார்த்தனன், கொள்ளிக்குடம் தூக்க மறுத்து, தன்னை வளர்த்த தாய்மாமன் இருந்த கட்டுகஸ்தோட்டைக்கே திரும்பிவிட்டார். குடத்தைத் தூக்கியவர் கறுப்பையா.

அவர் இப்போது படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பொக்கை வாய் மலர்ந்தது.

“அடடே, இவளா! இவ வந்து நின்னா கங்காணி, கணக்கப்புள்ள எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிப்பானுக. தொரையே ஒருக்கா வந்து பாத்துட்டுப் போனாரு.”

“சிரிக்காதீங்க. எங்கம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாமலா? இவ கட்டியிருக்கிறதே ஒங்கம்மாவோட கூறப்பொடவதான்.”

ஜனார்த்தனனின் முகம் கறுத்தது. “இவளுக்குன்னு ஒரு புருசன் இல்லையா?”

“இருந்தான். எரிச்சாச்சு.”

“யாரு எரிச்சது?”

“நாந்தான்.”

பேச்சைப் பதிவுசெய்துகொண்டிருந்த கைத்தொலைபேசியை நோக்கிப் போன சஞ்சீவனியின் விரல் பாதியில் நின்றது. பொழுதுபோக்கைக் கேட்க வந்த இடத்தில் ஒரு கொலை பதிவாகிக்கொண்டிருந்தது.

“அப்ப அழுதா பாரு ஒரு அழுக!” கிழவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். “லயத்துச் சனமே சேந்து அழுதுச்சு. மொதல்ல அழுதது ஒங்கம்மாதான்.”

ஜனார்த்தனன் கதிரை சரிய எழுந்தார். “மனுசனக் கொன்னுட்டு, அதச் சிரிச்சுக்கிட்டே வேற சொல்றீங்களா? சஞ்சீவனி, எந்திரி. நேரா பொலிசுக்குப் போவோம்.”

கறுப்பையாவின் சிரிப்பு அணைந்தது.

“தம்பி, நெசமாவே ஒனக்குத் தெரியாதா? இந்தப் படத்தப் பாத்துட்டா அன்னைக்குக் கொள்ளிக்குடத்தத் தொடாம போன?”

கிழவர் மெல்ல எழுந்து, படத்தை ஜனார்த்தனனின் கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை மூடினார்.

“மாசியில காமன் கூத்து, தம்பி. வருசா வருசம் காமன எரிக்கிற சிவன் வேசம் எனக்கு.”

மூடிய விரல்களை அவர் விடவில்லை.

“ரதி வேசம் ஒங்கப்பனுக்கு.”