பின்சீட்டு கியர்

இடது கால் ஒன்றின் விலை பதினெட்டாயிரம். முழங்காலுக்குக் கீழே மட்டும். ஷூ தனி.

விலையைக் கேட்டதும் பட்டன்காரர், "ரெண்டா எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்றார்.

பதினாறு ஊர்த் தையல் கடைகளுக்கு பைக்கில் போய் பொத்தானும் ஜிப்பும் கொக்கியும் விற்றுப் பிழைத்த வாய். காலுக்கு மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்? கால் செய்பவர் சிரித்துவிட்டு இருநூறு குறைத்தார்.

அது போன மாதம். இன்று காலை பத்து மணிக்கு அந்தப் புதுக்கால், சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு மெக்கானிக் கடை வாசலில் நின்றது. பட்டன்காரரும் அதோடு நின்றார்.

மெக்கானிக் பைக்கின் பக்கத்தில் குந்தி, கையில் ஆக்ஸா பிளேடோடு ஓர் இரும்புக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தான்.

கம்பி அவன் கைவேலைதான். சர்க்கரை வியாதி பட்டன்காரரின் காலைக் கொண்டுபோன வருடம், கியர் மிதியிலிருந்து பின்சீட்டில் இருப்பவர் கால் வைக்கும் இடம்வரை நீட்டிப் பற்ற வைத்தது. முன்னால் உட்கார்ந்து கிளட்ச் பிடிப்பது அவர். பின்னால் உட்கார்ந்து கியர் போடுவது அவர் மனைவி.

அதற்கு முன் அவள் அந்த வண்டியில் ஏறியது மொத்தம் நாலு தடவை. மூன்று கல்யாணத்துக்கும் ஒரு பிரசவத்துக்கும்.

முதல் வாரம் வண்டி சந்திக்குச் சந்தி நின்று மானத்தை வாங்கியது. அவர் முழங்கையால் ஒரு இடி இடித்தால் கியரைக் கூட்ட வேண்டும். இரண்டு இடித்தால் குறைக்க வேண்டும். அவள் எண்ணிக்கையில் தவறுவாள். தவறியது முழங்கைதான் என்று சாதிக்கவும் செய்வாள்.

மூன்றாம் மாதம் இடியே தேவைப்படவில்லை. இன்ஜின் முனகுவதைக் கேட்டே மாற்றிவிடுவாள்.

ஜிப் தரும் மொத்த வியாபாரி டஜனுக்குப் பதினொன்று வைத்துக் கட்டுவதை அவர் பத்து வருடமாகக் கண்டுபிடிக்கவில்லை. அவள் கட்டைக் கையில் தூக்கிய உடனே வியாபாரியின் முகத்தைப் பார்த்தாள். வியாபாரி எழுந்துபோய் வேறு கட்டு கொண்டுவந்தார்.

அப்புறம், ஹெல்மெட்டுக்குள் அவள் பாடுவாள். மேட்டில் வண்டி மெதுவாக ஏறும்போது அவர் காதுக்கு அது கேட்கும். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் பாடி அவர் கேட்டதில்லை.

"அறுத்துடு தம்பி," என்றாள் இப்போது. சிவப்பு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்திருந்தாள். "அவருக்குத்தான் கால் வந்துடுச்சே. நான் எதுக்கு பின்னாடி, தண்டமா?"

பட்டன்காரரை உறுத்தியது அந்தக் குரல்தான். குண்டூசி வாங்கினாலும் கொசுறு கேட்கிறவள், இவ்வளவு பெரியதைப் பேரமே பேசாமல் விட்டுக்கொடுக்கிறாள்.

கம்பி போனால் பழையபடி அடுப்பங்கரையும் வாசல் கேட்டும்தான் அவளுக்கு ஊர்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுங்கண்ணே," என்றான் மெக்கானிக். "அறுத்தப்புறம் ஒட்டுன்னு வந்து நின்னா ரெட்டைக் கூலி."

பட்டன்காரர் தனியாக ஏறினார்.

வண்டி முதல் கியரில் கிளம்பியது. முதல் கியரிலேயே தெருவைக் கடந்தது. முனைவரை போய், அலறிக்கொண்டே திரும்பி வந்தது. எதிர்க்கடை சலூன்காரர் ஒரு கன்னத்தை நுரையோடு விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

"முடியல," என்றார் பட்டன்காரர், இறங்காமலே. "கட்டைக் காலுக்கு என்ன தெரியும்? ரெண்டாவது கியர் விழவே மாட்டேங்குது. பதினெட்டாயிரம் தண்டம்."

மெக்கானிக் அந்தக் காலைப் பார்த்தான். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தான்.

ஷூ புதுசு. ஆனால் அதன் மூக்கில், கியர் மிதியைக் கீழிருந்து தூக்கும் இடத்தில், தோல் தேய்ந்து கறுப்பாக ஒரு தழும்பு. முதல் கியரைத் தாண்டாதவர் ஷூவில் அது விழாது. பத்து நாள், விடியற்காலையில், வீடு எழுந்திருக்கும் முன்னே பாலம்வரை போய் நாலு கியரும் போட்டுப் பார்த்தவர் ஷூவில்தான் விழும்.

பத்து நாளும் கால் சொன்னபடி கேட்டது. பத்து நாளும் காதில் காற்று மட்டும்தான் கேட்டது.

மெக்கானிக் வாயைத் திறந்தான்.

அதற்குள் அவள் குனிந்து, கட்டைவிரலில் எச்சில் தொட்டு, அந்தத் தழும்பை அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. போகாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாரமாக அவர் தூங்கும்போது பாலிஷ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ரொம்பக் கவனமாகப் பெட்ரோல் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் ஹெல்மெட்டை மாட்டி, வாரைப் பூட்டினாள்.

"அறுக்காததுக்கெல்லாம் கூலி கிடையாது தம்பி," என்றாள். "கடை திறந்து வச்சதுக்கு, இந்தப் பின்மிதிக்கு ஒரு ரப்பர் போட்டு விடு. சும்மாதான்."

பேரம் திரும்பி வந்துவிட்டது. மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே ரப்பர் தேடப் போனான்.

தெருமுனை தாண்டும்போது அவர் இடிக்கவில்லை. இரண்டாவது கியர் பஞ்சில் விழுந்த மாதிரி விழுந்தது. மேடு வந்தது, ஹெல்மெட்டுக்குள் பாட்டும் வந்தது.

பட்டன்காரர் மனசுக்குள் கணக்கை முடித்தார். போனது கால் ஒன்று. வந்தது மூன்று. அதில் ஒன்றுக்குத்தான் அவர் விலை கொடுத்தார். மற்ற இரண்டும் இருபத்தாறு வருடமாக வீட்டிலேயே இருந்தவை; வரவில் எழுத விட்டுப்போயிருந்தது.