நல்ல குழாய்க்கு என்ன கேடு?

“சொட்டுதா? இல்லை. கசியுதா? அதுவும் இல்லை. நல்லா இருக்கிற குழாய்க்கு என்ன கேடு வந்தது இப்போ?”

கையில் ஸ்பேனரோடு சமையலறையில் நின்று கத்தினான் கணவன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டியவன்.

“எனக்குப் பிடிக்கலைங்க” என்றாள் மனைவி. “இன்னும் எத்தனை நாளைக்குத் திருகித் திருகித் திறக்கிறது? இதைப் பாருங்க, லேசாத் தட்டினாப் போதும்.”

நீளக் கைப்பிடி வைத்த புதுக் குழாயை அவளே கடைக்குப் போய் வாங்கி வந்திருந்தாள்.

“சரி, பிளம்பரைக் கூப்பிடு.”

“எதுக்கு? என் வீட்டு வேலையில வெளியாள் கை படாதுன்னு உங்க சிநேகிதர்கிட்ட அளந்துவிட்டீங்களே!”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன், மெயின் வால்வை மூடிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே பழைய குழாயைக் கழற்றினான். பிரித்துப் பார்த்தால், உள்ளே வாஷர்கூடத் தேயவில்லை.

சத்தம் கேட்டு வந்த அவன் அம்மா தன் பங்குக்கு ஆரம்பித்தாள்.

“நல்லாக் கேளுடா. எதைப் பார்த்தாலும் இவளுக்கு வேணும். ஆடம்பரம் தலைக்கேறிப் போச்சு.”

வழக்கமாக மாமியாருக்குச் சுடச்சுடப் பதில் கொடுக்கிறவள், இன்று வாயைத் திறக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தப்பு தன்மேல்தான் என்று அவளுக்கே தெரிகிறது போலும் என்று நினைத்துக்கொண்டான்.

புதுக் குழாயின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி மாட்டினான். வால்வைத் திறந்துவிட்டு வந்து குனிந்ததுதான் தாமதம், மூட்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து அவனைத் தலையோடு குளிப்பாட்டியது. டேப்பை எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறான். குழாயை இறுக்க இறுக்க அது பிரிந்து வந்துவிட்டது.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

ஓடிப்போய் வால்வை மூடினான். “போதும்! பழையதையே மாட்டிடறேன்.”

“மாட்டுங்க. மறுபடி நானே கழட்டுவேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று வாய்திறந்து ஒன்று கேட்காதவள், ஒரு குழாய்க்காக இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறாளே!

எரிச்சலோடு சட்டை மாற்றப் போனவன், அம்மாவின் அறையைத் தாண்டும்போது நின்றான். அம்மா போனில் சித்தியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

“விரல் மடங்கவே மாட்டேங்குதுடி. குழாய்மேல துணியைச் சுத்தி, ரெண்டு கையாலயும் மல்லுக்கட்டுவேன். அதை அவ பார்த்துட்டா போல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. தனக்குத்தான் ஆசைன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டா, மகராசி. இவனுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்! படியில ஒருதரம் வழுக்கினதுக்கே மாடிக்கதவைப் பூட்டிட்டான். இது தெரிஞ்சா அடுப்படிப் பக்கமே விடமாட்டான். அப்புறம் இந்த வீட்டுல எனக்கு என்னடி இருக்கு?”

சித்தி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

“திட்டாமலா? திட்டிக்கிட்டேதான் இருக்கேன். நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமே!”

மாடிக்கதவை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. மனைவிமேல் இவ்வளவு ஆசை கல்யாணத்தன்றுகூட அவனுக்கு வந்ததில்லை.

ஈரச் சட்டையோடு சமையலறைக்குத் திரும்பினான். டேப்பைச் சரியாகச் சுற்றி, புதுக் குழாயையே மாட்டி இறுக்கினான். மனைவி ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு, அம்மாவின் அறைக்குக் கேட்கும்படி கத்தினான்:

“உன்னை மாதிரி ஆடம்பரக்காரியை நான் உலகத்துலயே பார்த்ததில்லைடி!”