மயிலிட்டிப் பொன்னாச்சி

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அருளையா வாத்தியார் மறுபடியும் சைக்கிளை எடுத்தார்.

"இண்டைக்கும் மயிலிட்டிக்கோ?" மனைவி ரேச்சல் வாசலை மறித்தாள்.

"ஓம். பொன்னாச்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் விசாரிக்கக் கிடக்கு."

வட்டுக்கோட்டை வீட்டில் கொஞ்சக் காலமாக இந்தப் பெயர்தான். பொன்னாச்சிக்குப் பெரிய கண்களாம். புருஷன் கடலில் மாண்டபிறகு தானே தோணி ஓட்டினாளாம். அவளுக்குக் கோபம் வந்தால் கரையே அடங்கிவிடுமாம். சொல்லும்போது அவர் முகம் மலர்வதை ரேச்சலால் தாங்க முடியவில்லை.

"நான் அநாதை மடத்திலை வளந்தவள், எனக்காகக் கேக்க ஆளில்லை எண்டுதானே? அவளோடையே போய் இருங்கோ!"

அருளையா சைக்கிளைச் சுவரில் சாத்தினார்.

"அவ செத்துக் கனகாலம், ரேச்சல். உம்மைக் குழந்தையிலை மடத்திலை கொண்டுபோய் விட்ட கிழவரை மயிலிட்டியிலை கண்டுபிடிச்சிட்டன். எல்லாம் உறுதியானபிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். பொன்னாச்சி உம்மடை பூட்டி. உம்மடை அம்மம்மாவைப் பெத்தவ."

ரேச்சல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுது ஓய்ந்ததும் முகத்தைக் கழுவி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தாள்.

"வண்டிலுக்குச் சொல்லுங்கோ, நானும் வாறன். அவ என்ரை பூட்டி. இனி நான்தான் விசாரிப்பன். நீங்கள் பேசாமல் பக்கத்திலை இருந்தால் போதும்."