செவ்வாய்க்கிழமைத் துப்பு

"இந்த வாரம் ஏதாவது துப்பு கிடைச்சுதா சார்?"

பெரியவர் கேட்டதும் டிடெக்டிவ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கிடைச்சிருக்கு. துறைமுகத்துப் பக்கம் உங்க பையன் சாயல்ல ஒருத்தரைப் பார்த்ததா சொல்றாங்க. அவன் எந்தக் கையால எழுதுவான்?"

"இடது கை சார்! எழுதுறது, பந்து வீசுறது எல்லாமே இடது கைதான்!"

"அப்படியா…" நோட்டில் குறித்துக்கொண்டார். "அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க."

பெரியவர் கும்பிட்டுவிட்டு, வந்ததைவிட வேகமாக நடந்து போனார்.

பார்த்துக்கொண்டிருந்த கண்டினியூட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் உதவி இயக்குநர். போன ஷாட்டில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, டீக் கோப்பை எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதி வைப்பது அவள் வேலை. அந்த வேலைக்குக் கண்டினியூட்டி என்று பெயர்; யூனிட்டில் அதுவே அவள் பெயராகிவிட்டது.

பெருநகரத்தில் தனியாக ஆபீஸ் போட்டு, காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் துப்பறிவாளர் கதைதான் அவர்கள் எடுக்கும் தொடர். ஆறு வருடமாக டிவியில் ஓடுகிறது. கதையில் டிடெக்டிவ் தேடி இதுவரை ஒருவர்கூடக் கிடைக்காமல் போனதில்லை. யார் எந்த வாரம் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்வது மாடியில் இருக்கும் மூன்று எழுத்தாளர்கள்.

படப்பிடிப்பு முடிந்ததும் அந்த நோட்டு அவள் கைக்கு வந்தது. திறந்து பார்த்தாள். கோழி கிளறின மாதிரி வெறும் கிறுக்கல். ஒரு எழுத்துகூட இல்லை.

நேராக அவரிடம் போனாள்.

"என்ன சார் இது? அந்த மனுஷன் ரெண்டு பஸ் மாறி வர்றார். நீங்க நிஜமாவே தேடுறீங்கன்னு நம்பிட்டு இருக்கார்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் சொல்றீங்களா?"

"இதுல நீ தலையிடாதம்மா."

மேக்கப் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

"விடும்மா, கேமரா இல்லாட்டியும் அவருக்குக் கை தட்ட ஒரு ஆள் வேணும்" என்றார் லைட்மேன்.

அவளால் விட முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெரியவரை கேட்டிலேயே மடக்கினாள். சவரம் செய்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. அவர் டிடெக்டிவ் இல்லை. நடிகர். எழுதிக் கொடுத்ததைப் பேசுறவர். உங்க பையனை யாருமே தேடலை. இதோ, அவர் நோட்டு. நீங்களே பாருங்க."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

"ரொம்ப நன்றிம்மா."

உள்ளே வராமலே திரும்பிப் போனார்.

அவளுக்கும் மனசு கனத்தது. ஆனால், முள்ளைப் பிடுங்கும்போது வலிக்கத்தான் செய்யும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் டிடெக்டிவ் கேட் பக்கம் பார்த்தார்.

"பெரியவர் வரலையா?"

"இனிமே வர மாட்டார் சார். நான் உண்மையைச் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் பக்கத்தில் இருந்த பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எப்போ?"

"போன வாரம்."

"ஒரு வாரமாச்சா…"

பர்ஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் ஒரு விலாசம்.

"உடனே போய்ப் பாரு. நான் இந்த சீனை முடிச்சிட்டு ஓடி வர்றேன்."

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது பெரியவரின் மனைவி. அந்த அம்மாவுக்குப் பின்னால், கட்டிலில், சுவரைப் பார்த்தபடி ஒரு முதுகு தெரிந்தது.

"அம்மா, நான் ஷூட்டிங்லேர்ந்து வர்றேன். அவர் எப்படி இருக்கார்?"

"அன்னிக்கு வந்து படுத்தவர்தான். குளிக்கலை, பேசலை. ரெண்டு வாய் தண்ணிதான் இறங்குது. உடம்புல ஒண்ணுமில்லைங்கிறார் டாக்டர்."

கண்டினியூட்டி அந்த முதுகையே பார்த்தாள்.

"அந்த நடிகர் பண்ணினது பாவம்மா. பெத்த மனசை இப்படியா வாரா வாரம் ஏமாத்துறது?"

அந்த அம்மா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே படிக்கட்டுக்கு வந்தார். உள்ளே கேட்காதபடி மெல்லப் பேசினார்.

"எங்க பையன் வேலை பார்த்த கப்பல் மூழ்கி அஞ்சு வருஷமாச்சு. யாருமே பிழைக்கலைன்னு கம்பெனி கடிதாசு போட்டுச்சு. நான் அழுது தீர்த்துட்டேன். இவர் ஒத்துக்கவே இல்லை. கடிதாசைக் கிழிச்சுப் போட்டுட்டு, இதே மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்துட்டார். பொழைக்க மாட்டார்னுதான் நினைச்சேன். ஒரு நாள் உங்க தொடரைப் பார்த்துட்டு எழுந்து உட்கார்ந்தார். 'இவர்கிட்ட சொன்னா நம்ம பையனைக் கண்டுபிடிச்சிடுவார்'னார்."

"அப்போ… அந்த நடிகருக்கு இதெல்லாம் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். 'என்னால இந்தப் பொய்யைச் சொல்ல முடியாதும்மா, என்னை விட்டுடுங்க'ன்னுதான் முதல்ல சொன்னார். நான்தான் அவர் கால்ல விழுந்தேன்… 'வாரத்துல ஒரே ஒரு நாள், ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்க சார். அதை வச்சு மிச்ச ஆறு நாளும் அவரை எப்படியாவது நான் சாப்பிட வச்சிடுறேன்'னு."