ஒருமனக் குடியிருப்பு

ஒரே கொள்கை உள்ளவர்கள் மட்டுமே வாழும் குடியிருப்பு அது. வாசலில் இருந்த கம்பிக் கதவு, வருபவரின் மனத்தைப் படித்த பிறகே திறக்கும். அன்று மாலை வேலையிலிருந்து திரும்பிய கோமளாவுக்கு அது திறக்கவில்லை.

உள்ளிருந்து கணவன் சுதர்சன் ஓடிவந்தான். "என்னத்த நெனச்சுத் தொலைச்ச?"

"கொள்கை மாறிட்டாங்கன்னு நேத்து எதிர்வீட்டுக்காரங்கள வெளியேத்தினாங்கல்ல? காய்ச்சலோட இருந்த குழந்தையத் தூக்கிட்டு மழையில போனாங்களே, மனசு கேக்கலைங்க."

"அவங்களுக்கு அதுதான் சரின்னு நெனச்சுக்கோ. தெறந்துடும்."

கோமளா கண்ணை மூடி அப்படியே நினைத்துப் பார்த்தாள். அந்தக் குழந்தையின் முகம்தான் வந்தது. கதவு அசையவில்லை.

"அம்மா!" என்று கூவியபடி மகள் படியிறங்கி ஓடிவந்தாள். சுதர்சன் பாய்ந்து அவளைத் தூக்கி, முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டான். கதவுப் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"பாக்காத கண்ணு. பாவம்னு தோணிடும்."