கருப்புப் பசை

மனைவியின் ஹேர் டிரையரைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துவந்த ஹம்மு, தன் கடைக்குள் நுழைந்ததும் கதவை உள்பக்கமாகத் தாழிட்டான். கூடவே வந்த மச்சினன் ஜவாத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசிக்கிறவன் அவன்.

மேஜைமேல் இருந்தது எதிர்க்கடை கிஸ்லான் செய்யும் சிவப்புப் பெடல். காலால் ஒரு மிதி மிதித்தால் கிதார் புலியாக உறுமும். காசாபிளாங்காவில், தர்ப் கல்லெஃப் சந்தையில், அதற்காக ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

ஹம்முவும் பெடல்தான் செய்தான், ஒவ்வொரு பாகத்தையும் தன் கையாலேயே சால்டர் வைத்துப் பற்றவைத்து. சாம்பல் நிற டப்பா. உள்ளூர்க்காரர்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ரபாத்திலிருந்து வரும் ஒருவர் மட்டும், வாசித்துப் பார்க்கக்கூடக் கேட்காமல், மாதாமாதம் அள்ளிக்கொண்டு போவார். அந்தப் புண்ணியவான் தயவில்தான் கடையே ஓடியது.

"அவளோடது தேன், மச்சான். உன்னோடது கழுதை இருமுற மாதிரி இருக்கு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தான் ஜவாத். அவனை அனுப்பியே அந்தத் தேனில் ஒன்றை வாங்கிவரச் செய்திருந்தான் ஹம்மு. உள்ளே எந்த டிரான்சிஸ்டர், எந்த கெப்பாசிட்டர் என்று பார்த்துவிட்டால் போதும்.

மூடியைக் கழற்றினால், சர்க்யூட் முழுவதும் கருப்புப் பசை. யாரும் காப்பியடிக்கக் கூடாதென்று ஊற்றி இறுக்கியிருந்தாள் கிஸ்லான்.

"பார்த்தியா? விஷயம் இருக்கறவதான் இப்படி மூடி வெப்பா" என்றான் ஜவாத்.

ஹம்மு ஹேர் டிரையரால் சூடு காட்டினான். இளகிய பசையை ஊசியால் சுரண்டினான். விரல் பொத்துப்போனது. விட்டுத்தொலை என்று ஜவாத் சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. தன்னிடம் இல்லாத எது அவளிடம் இருக்கிறது என்று யோசித்து யோசித்தே அவன் பாதியாகியிருந்தான்.

ஒருவழியாகப் பசை மொத்தமும் உரிந்து வந்தது. ஹம்மு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. காது மடல்கள் மட்டும் சிவந்துகொண்டே போயின.

"என்ன மச்சான், பெரிய வேலைப்பாடா? உன்னால செய்ய முடியாதா?"

ஹம்மு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினான்.

"இதுக்கு சால்டர் வெச்சதே நான்தான்டா."